நதிமூலம் கேட்காத தரகர்

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீருக்கடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார் சாமிநாதன். ஆஸ்டின் டவுனில் அவர் காட்டும் எந்த வாடகை வீட்டுக்கும் இதுதான் முதல் சடங்கு. ஹால், கிச்சனெல்லாம் அப்புறம். "ஃபோர்ஸ் பாத்தீங்களா? பெங்களூர்ல இதுக்கு மேல இன்னா வேணும்?" வயது ஐம்பத்தெட்டு. பழைய ஹெல்மெட்டுக்குள் சாவிக்கொத்துகள், சட்டைப் பையில் ஏலக்காய்.

வீட்டுக்காரர்களின் கவலை தண்ணீர் இல்லை. "பார்ட்டி எந்த ஊரு? என்ன ஆளுங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆறு பிறக்கும் இடத்துக்கு நதிமூலம் என்று பெயர். சாமிநாதனுக்கு அது கேடயம்.

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கலாமா சார்? பெண்ணையாறு பொறக்கற எடத்தப் பாக்கலாம்னு நந்தி மலைக்குப் போனேன். மூஞ்சி கழுவக்கூட தண்ணி இல்ல. கீழ எத்தினி ஊரு அத நம்பி பயிர் வைக்குது!"

சிலர் சிரித்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். சிலர் சிரித்து முடித்துவிட்டு மறுபடி அதையே கேட்பார்கள்.

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒரு முறை தானே மூலம் கேட்டார். கோலார் தங்கவயல்காரர் அவர். அங்கே சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு லைன் என்று பெயர். ஊர்க்காரர் இருவர் சந்தித்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் "எந்த லைன்?" என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஹெலன் என்ற நர்ஸுக்கு வீடு காட்டும்போது, அவள் பேச்சில் ஊர் வாடை அடித்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. "எந்த லைன்மா நீ?" என்று கேட்டுவிட்டார். அவளும் வாய் நிறையச் சொன்னாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கும் அந்த ஊர் தெரியும். லைனைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். மறுநாள், தம்பி குடும்பம் வருகிறது, வீடு இல்லை என்றார்.

ஹெலன் இன்றும் தங்கவயலிலிருந்து விடியற்கால ரயிலில்தான் டியூட்டிக்கு வருகிறாள். "நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நான் கெடலியே, அவ இல்ல கெட்டா," என்பார். சொல்லிவிட்டு வெகுநேரம் ஏலக்காய் மெல்லுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நரேஷும் அவன் மனைவி பார்கவியும் வந்தார்கள். நதிமூலம் வேலை செய்து, வீட்டுக்கார அம்மாள் பாதி மனதோடு தலையாட்டியிருந்தார். சாமிநாதன் வழக்கம்போலக் குழாயைத் திறந்தார்.

நரேஷ் முகமெல்லாம் மலர்ந்து, "அண்ணே, பேச்சு நம்ம ஊருப் பேச்சாட்டம் கீதே! நீங்க எந்த லைன்?" என்றான்.

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த அம்மாள் நின்றார்.

சாமிநாதனுக்குத் தன் லைன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல வருஷமாக யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"நான் இந்த ஊருதாம்பா. மொதல்ல தண்ணியப் பாரு," என்று குழாயை முழுக்கத் திருகினார். நரேஷின் கையை வெடுக்கென்று இழுத்துத் தண்ணீருக்கடியில் வைத்தார். படியில் காலடிச் சத்தம் மேலே ஏறி மறைந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.