ட்யூனிங் வேண்டாம் என்றவன்

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. பெட்ரோல் பங்கில் காரை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் போடச் சொல்வேன். மீன் வாங்கினால் செவுளை நானே தூக்கிப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட எனக்கும் கூட்டுக்காரன் என்று ஒரு சிநேகிதன் உண்டு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கருங்கல் ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என் வாயைப் பொறுத்துக்கொண்டு மிஞ்சிய ஒரே ஆள். அவனையும் இழந்தால் எனக்கு வேறு யாரும் கிடையாது. அது தெரிந்தும் என் வாய் சும்மா இருந்ததா?

போன வருஷம் துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சினன் என் காருக்கு ஒரு ஏர் இன்டேக் கொண்டுவந்தான். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டரை மாட்ட வேண்டும்; எஞ்சினுக்குக் காற்று தாராளமாகப் போகுமாம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. கல்ஃப்காரன் கொண்டுவந்த சாமானை, அவன் திரும்ப விமானம் ஏறுவதற்குள் உபயோகித்துக் காட்டாவிட்டால் மாமியார் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கூட்டுக்காரன்தான் மாட்டிக்கொடுத்தான். "இதுக்குப் பொறவு ட்யூனிங் பண்ணணுமாடே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா. காத்த அளக்க சென்சாரு இருக்குல்லா, அந்தக் குழாய்க்க அகலம் பழைய அளவுதான். கம்ப்யூட்டரே பெட்ரோல அட்ஜஸ்ட் பண்ணிக்கிடும்."

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. கைக்கு வருகிற வேலையை எந்த மெக்கானிக்காவது வேண்டாம் என்பானா? இவனுக்கு ட்யூனிங் தெரியாது, அதை மறைக்கிறான் என்று நினைத்தேன். குழித்துறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ட்யூனிங் செய்கிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். "கண்டிப்பா பண்ணணும் சார், இல்லேன்னா எஞ்சின் போயிரும்" என்றார். கார் நின்ற பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிழைப்புக்குப் பேசுகிறார் என்று அவரையும் நம்பவில்லை.

நாலைந்து மாதம் வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஃபில்டர் அழுக்கானால் கழுவிக் காயவைத்து, கூட வந்த எண்ணெயைத் தடவ வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணெய்க் குப்பியின் மூடி லேசாகத் தளர்ந்திருந்தது. யார் திறந்தார்களோ, என்னத்தைக் கலந்தார்களோ! கலப்படம் இல்லை என்று நான் நம்புகிற எண்ணெய் உலகத்தில் ஒன்றுதான்: எங்கள் தோப்புத் தேங்காயை நானே பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டு வருவது. அதைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன்.

"காருக்குமா தேங்கா எண்ணெ? ரெண்டு பப்படமும் பொரிச்சு வைக்கட்டா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள்.

ஒரே வாரத்தில் வண்டி விட்டுவிட்டு இழுத்தது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. நேரே கருங்கலுக்கு விட்டேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ட்யூனிங் வேண்டாம்னு சொன்னது நீதானடே? தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லப்பிடாதா? நல்ல சென்சாரக் கழத்திட்டுப் பழச மாட்டி வச்சிருக்கியோ என்னமோ, யாரு கண்டா!"

அவன் பானெட்டைத் திறந்தான். காற்றை அளக்கிற அந்தச் சென்சாரைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதன் மெல்லிய கம்பியில் பிசுபிசுவென்று எண்ணெய். எங்கள் அடுக்களை வாசனை.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"வீட்டு எண்ணெ" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ட்யூனிங்கும் வேண்டாம், ஒரு எளவும் வேண்டாம். கிளீன் பண்ணினா செரியாவும்" என்றவன், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "போன எடு. வீடியோ பிடி."

"எதுக்குடே?"

"பொறவு நான் எதையாவது மாத்தினேன்னு சொல்லப்பிடாதுல்லா."

விளையாடுகிறான் என்று சிரித்துப் பார்த்தேன். கோபத்தில் சொல்லிவிட்டேன், தப்புதான் என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல் போனை எடுத்துப் பிடித்தேன்.

வண்டி அவன் சொன்னபடியே சரியாகிவிட்டது. இப்போதும் அவனிடம்தான் போகிறேன். சாயா வாங்கித் தருகிறான், பிள்ளைகளை விசாரிக்கிறான். ஆனால் நான் போனை எடுத்துப் பிடிக்கும்வரை அவன் பானெட்டைத் திறப்பதில்லை.