காது தைக்க வந்தவரும் கேட் காவலரும்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டமொன்றில் பால் வடிய மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கனத்த தோடு இழுத்து என் காதுமடல் அறுந்துபோயிருந்தது. என் கல்யாணத்துக்குள் தைத்துவிட ஆசை. பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாகக் காது தைத்தவரை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் என்றே நம்பி வரச்சொன்னேன்.

எங்கள் முள்வேலி கேட்டில், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று தினமும் என் தூக்குச்சட்டியைக் கிளறும் காவலர், அவர் பையையும் கிளறினார். துருப்பிடித்த ஊசியும் சாக்கு நூலும் வந்தன.

"எந்த ஆஸ்பத்திரில வேலை? கடுதாசி காட்டு."

"கைராசிக்காரன்லா நான். கடுதாசி எதுக்கு?"

நல்லவேளை, காவலர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தைத்தார். தழும்பைத் தேடத்தான் வேண்டும்.

தினமும் என் சோற்றைக் கிளறிய அந்தக் காவலர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஆனாலும் என் உடம்பில் ஊசி வைக்க யார் வந்தாலும், அவர் கேட்டதைத்தான் முதலில் கேட்கிறேன்.