கடல் நிற்கட்டும் என்று காத்திருந்தவள்

காலுறையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, விரல் நுனித் தையலைக் கட்டைவிரலால் நீவிவிட்டுத்தான் காலில் மாட்டுவாள் நியென் யூ-சின். தைச்சுங் துறைமுகத்தின் உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் மிதவைச் சட்டை வரை மாட்டி முடித்திருப்பார்கள். இவள் இன்னும் இடது காலில் இருப்பாள். பக்கத்தில் எவனாவது அவசரமாக இழுத்து மாட்டினால் பொறுக்காது. "கழட்டு, கழட்டு! தையல் உள்ள கெடக்கு பாரு. ஏணி ஏறி எறங்கறதுக்குள்ள கொப்புளம் வந்துடும்." ஆறடி ஆண்களும் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

ஷெதோ ஊரில் வீட்டுக்கு வீடு காலுறை எந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குப் போனவள். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தாள். போன வருடம் முதலாளி ஆலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. இப்போது ஆள் தேடுவதெல்லாம் முதியோர் பராமரிப்பிலும் கடல் காற்றாலையிலும்தான் என்று வேலைவாய்ப்பு அலுவலகப் பெண் சொன்னாள். சொன்னவள், வயதைப் பார்த்துவிட்டு முதல் வேலையைப் பற்றி மட்டும் விளக்க ஆரம்பித்தாள்.

"மாமனார் மாமியார்னு வீட்லயே ரெண்டு பேரப் பாத்துக்கறேன்மா. சம்பளத்துக்கும் அதேதானா? அந்தக் காத்தாடிய பத்திச் சொல்லு."

வீட்டில் சிரித்தார்கள். லாரி ஓட்டும் கணவன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் படகில் வரும் குமட்டலுக்கு உப்பிட்ட பிளம் ஒரு டப்பா வாங்கிவந்து வைத்தான். பா-வான் என்னும் இறைச்சிக் கொழுக்கட்டை விற்கும் கடை நடத்தும் ஓரகத்திதான் விடாமல் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நடுக்கடல்ல போய் ஃபேன் தொடைக்கப் போறியாமே? இங்க தட்டு கழுவ ஆளில்லாம நான் சாகறேன்." ஆலை மூடியபின் இரண்டு மாதம் யூ-சின் அந்தக் கடையில்தான் நின்றாள். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், தன் உள்ளங்கையை முகர்ந்துபார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

காற்றாலை வேலையில் அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. திருகாணி முறுக்குவாள், கசடு துடைப்பாள், கயிறு முடிவாள். உறுப்புகளின் பெயர்தான் நாக்கில் நிற்காது. பாதிக்கு "அந்த உருண்ட", மீதிக்கு "அந்தப் பல்லு". கன்னத்தில் ஒரு பிளம் ஒதுக்கியபடியே பேசுவாள். மூடிய ஆலைகளின் பெண்கள், இந்த வேலைக்கு நாங்களும் வரலாமா என்று அவளிடம் கேட்கிறார்கள். "சம்பளம் அப்பறம் கேளு. மொதல்ல ஒரு நா படகுல ஒக்காந்து பாரு. குடல் உள்ளயே நின்னா வா" என்பாள்.

அவளுக்குப் பொரி அக்கா என்று பெயர் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தீவில் எந்திரம் இருக்கும் இடமெல்லாம், அதன் தலைமாட்டில் தேங்காய் மணக்கும் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும். பச்சை உறைதான் வேண்டும். அப்போதுதான் பச்சை விளக்கு அணையாமல் எந்திரம் சமர்த்தாக ஓடும். தேதி கடக்கக் கூடாது, நசுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் அதைத் தின்னக் கூடாது. சேர்ந்த இரண்டாம் மாதம், அலை தணியப் படகில் காத்திருந்தபோது, குமட்டித் தீர்த்த வெறும் வயிற்றோடு காற்றாலையில் வைக்க எடுத்துப்போன பொட்டலத்தை யூ-சின் பிரித்துத் தின்றுவிட்டாள். காலுறை ஆலையிலும் இதே வழக்கம்தான். தெரியாமல் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. அன்று பிற்பகல் காற்றாலை நின்றுபோனது. பொறியியல் படித்த குழுத்தலைவன் ஷி போ-யென் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, போயும் போயும் அதையா தின்னீங்க?"

"பசியில கண்ணு தெரியல தம்பி" என்றாள். ஒரு வாரம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் அவள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது பொரி அல்ல, ஏணி. படகு தன் மூக்கைக் காற்றாலைத் தூணின் குழாய்களில் முட்டி அழுத்திக்கொண்டு நிற்கும். அப்படியும் அலையோடு ஏறும், இறங்கும். உச்சிக்கு வந்த கணத்தில் ஏணிக்குத் தாவிவிட வேண்டும். யூ-சின் தாவமாட்டாள். பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயம் இல்லை, கையைத்தான் காரணம் சொல்ல வேண்டும். ஓடுகிற எந்திரத்தில் கை வைக்காதே, முழுசாக நிற்கட்டும், பிறகு தொடு என்று இருபது வருடம் பழகிய உடம்பு அது. அதனால்தான் பத்து விரலும் அவளுக்கு மிச்சம். அந்த உடம்பு இப்போது கடல் நிற்கட்டும் என்று காத்திருந்தது.

"அக்கா, கடல் நிக்காது" என்றான் போ-யென், பயிற்சிக் காலத்தின் கடைசி நாள் காலையில். "இன்னிக்கும் நின்னுட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. கரையில வேற எடமும் காலி இல்ல." அவனுக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் தலையாட்டினாள். ஓரகத்தி முந்தின இரவே அவளுக்கென்று தட்டு கழுவப் புது ரப்பர் கையுறை வாங்கி வைத்துவிட்டாள்.

அன்று புதுப் பொரிப் பொட்டலம் எடுத்துப் போகும் முறை அவளுடையது. பையில் வைத்தால் நசுங்கும், கையில் பிடித்தால் ஏணி பிடிக்க முடியாது. தான் நெய்த, முழங்கால் வரை வரும் பழைய காலுறை ஒன்றில் பொட்டலத்தை இறக்கி, அதைத் தன் கழுத்தைச் சுற்றிக் கட்டி, சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். "குழந்தையக் கட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று படகோட்டி சிரித்தான்.

பாதுகாப்புக் கயிறு மாட்டியாயிற்று. படகு உயர்ந்தது. "போங்கக்கா!" கால் நகரவில்லை. படகு தாழ்ந்தது. போ-யென் வேறு பக்கம் பார்த்தான். அவளுக்குத் தட்டு கழுவும் தொட்டி ஞாபகம் வந்தது, அழுகை முட்டியது, அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. பிளம் கொட்டையைக் கடலில் துப்பினாள்.

"சரி, நீ பாட்டுக்கு ஓடு" என்றாள் கடலிடம், பழைய எந்திரத்தை அதட்டுகிற குரலில். மறுபடி படகு உயர்ந்தபோது அவள் கால் ஏணியில் இருந்தது. கைகள் தானாகவே மேல்படியைப் பிடித்துவிட்டன. யாரோ கைதட்டினார்கள்.

மேடைக்கு ஏறியதும் அவள் யாரையும் பார்க்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டுக் காலுறையை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். பொரி நொறுங்கவில்லை. அதன் பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தாள். அடுத்த முறை போ-யெனுடையது. அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்ததால், அதைப் போகவிட்டு நின்றிருந்தான்.

"என்ன தம்பி, நிக்கட்டும்னு பாக்கறியா?" என்று மேலிருந்து கத்திவிட்டு, மேடையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையை அவனை நோக்கி நீட்டினாள்.