அண்ணா ஒட்டின மூண்டு புள்ளிக் கோடு

எங்கட அண்ணாவுக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்துறதும், மாரி காலத்தில நாங்கள் இருக்கிற குரோருட்டில கார் விட இடம் தேடுறதும் ஒண்டுதான். சுத்திச் சுத்தி வரலாம், கடைசியில வந்த இடத்திலயேதான் நிக்கவேணும்.

அண்ணா எண்டால் எனக்கு மூத்தவர், கூடப்பிறந்தவர். ஒஸ்லோவில எங்கட தமிழ்ப் பிள்ளையளுக்கு வருசா வருசம் ஒரு கூடைப்பந்துப் போட்டி நடக்கும். அதுக்கு அவர்தான் தலைவர், அவர்தான் நடுவர், பரிசு குடுக்கேக்கை மைக்கும் அவற்றை கையிலதான். யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட அணியில விளையாடினவர். அதை அவரும் மறக்கேல்லை, மற்றாக்களையும் மறக்க விடேல்லை.

அவர் விளையாடின காலத்தில எங்கை நிண்டு எறிஞ்சாலும், கூடைக்குள்ள விழுந்தால் ரண்டு புள்ளி. பேந்து உலகம் முழுக்கக் கூடையைச் சுத்தி ஒரு வளைவுக் கோடு கீறி, அதுக்கு வெளியில நிண்டு போட்டால் மூண்டு எண்டு ஆக்கிப்போட்டாங்கள். எங்கட போட்டியில மட்டும் ரண்டுதான். பிள்ளையள் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில மூண்டுக்கு எறிஞ்சு பழகிப்போட்டு வருங்கள். எங்கட மண்டபத்துக்குள்ள கால் வைச்ச உடனை ஊர்ச் சட்டம். ஏன் எண்டு கேட்டால், "நாங்கள் விளையாடேக்கை மூண்டு கிண்டு ஒண்டும் இல்லை. குறைஞ்சே போனனாங்கள்?" எண்டுவார். அண்ணா பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூண்டு கால். இந்த ஒரு விசயத்திலதான் மனிசன் மூண்டு வேண்டாமெண்டு நிண்டது.

என்ர மகள் கட்டை. என்னை மாதிரி. உயர்ந்த பிள்ளையளுக்கு நடுவில போய் நிண்டால் பந்தும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. அதால அவள் தூர நிண்டு எறியப் பழகினவள், அதுவும் மூலையில நிண்டு. எங்கட மாடிக்குக் கீழை, கார் விடுற இடத்துக்குப் பக்கத்தில ஒரு பழைய கூடை கிடக்கு. பனி உருகினதிலயிருந்து திரும்பப் பனி விழுமட்டும் அவளுக்கு அங்கைதான் குடித்தனம். அவள் அப்ப விடரகோண்ட, எங்கட கணக்குக்கு உயர்தரம், ரண்டாம் வருசம். பள்ளிக்கூட அணியில அவளை வைச்சிருந்ததே அந்த மூலை எறிக்காகத்தான்.

அந்த வருசம் போட்டிக்கு முதல், சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சொல்லிப்போட்டாள். மாமா மூண்டு புள்ளி தராட்டில் தான் வரமாட்டாளாம். அதையும் நோர்ஸ்கில, நோர்வேப் பாசையிலதான் சொன்னவள்.

ஒரு பந்துக்கு என்னத்துக்கு இவ்வளவு துடிக்கிறாய் எண்டு ஆரும் கேட்கலாம். சொல்லுறன். தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டாச்சு. நடன வகுப்பு அதுக்கு முன்னமே விட்டாச்சு. கோயிலுக்குக் கூப்பிட்டால் சோதினை இருக்கு, கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தலையிடி. வீட்டில நான் தமிழில கேட்க, அவள் நோர்ஸ்கில மறுமொழி சொல்லுவாள். அதுவும் பாதி மறுமொழி தோளைக் குலுக்கிறதுதான். எங்கட ஆக்களோட அவளுக்கு மிஞ்சிக் கிடந்தது இந்தப் போட்டி ஒண்டுதான். அதுவும் போச்செண்டால் பிள்ளை எங்களை விட்டுப் போச்சு. எனக்குப் பயமாக் கிடந்தது. வேறை ஒண்டுமில்லை.

போட்டிக் குழுவின்ர கூட்டம் லோறென்ஸ்கூக்கில, அண்ணா வீட்டு நிலக்கீழ் அறையில நடந்தது. எங்கட ஆக்கள் கூட்டம் வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல ஆர் எந்தப் பள்ளிக்கூடம் எண்டு வரும். பிறகு எந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பள்ளிக்கூடத்தை எப்ப வெண்டது எண்டு வரும். அதில ரண்டு பேர் கோவிச்சு, மூண்டாவது ஆள் சமாதானப்படுத்தி, தேத்தண்ணி குடிச்சு முடியத்தான் வந்த விசயம் வரும். அண்டைக்கு வந்த விசயத்தை நான்தான் எடுத்தனான்.

"பெண் பிள்ளையளுக்கு அவ்வளவு தூரம் எறிய ஏலுமே?" எண்டு ஒருத்தர் கேட்டார். அவர் வீட்டுப் பிள்ளை குண்டெறிதலில பள்ளிக்கூடத்தில முதலாவது. தமிழ்நாட்டிலயிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பியும் குழுவில இருந்தவர். பாவம், அவர் பணிவாச் சொன்னார், "அண்ணே, எங்க ஊர்ல ஸ்கூல் பசங்க ஆடுறதுலகூட மூணு பாயிண்ட் இருக்குண்ணே. ரொம்ப வருஷமா இருக்கு." எல்லாரும் மரியாதையாக் கேட்டவை. அண்ணா ரோல்ஸ் தட்டை அவற்றை பக்கம் தள்ளி, "தம்பி, நீங்கள் இன்னொண்டு எடுங்கோ," எண்டார்.

எனக்கு அந்த ரோல்ஸைப் பார்த்த உடனைதான் புத்தி வந்தது. போட்டியண்டு தேத்தண்ணியும் ரோல்ஸும் என்ர பொறுப்பு. "சரி," எண்டனான். "ரண்டு புள்ளியோடயே நடத்துங்கோ. இந்தமுறை தேத்தண்ணிக்கு வேறை ஆளைப் பாருங்கோ." பிறகு ஒவ்வொருத்தராத் தொண்டையைச் செருமிச்சினம். காலம் மாறுது எண்டார் ஒருத்தர். பிள்ளையளின்ர விருப்பத்தையும் பார்க்கவேணும் எண்டார் குண்டெறிதல்காரியின்ர தகப்பன். அப்பிடித்தான் எங்கட போட்டிக்கு மூண்டு புள்ளி வந்தது. விவாதத்தால வரேல்லை, ரோல்ஸால வந்தது.

மகளுக்குச் சொன்னன். "ஓகே," எண்டாள். அந்த ஓகேயை நான் பெரிய வரமா எடுத்துக்கொண்டு ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு அவிச்சனான்.

போட்டி ரொம்மன் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில. பத்து மணிக்குத் தொடக்கம் எண்டு போட்டால் எங்கட ஆக்கள் பதினொண்டரைக்குத்தான் வருவினம், அது தெரிஞ்ச கதை. வெளிச் சப்பாத்தோட உள்ளுக்குப் போகக்கூடாது எண்டபடியால் தலைவர், பிரதம விருந்தினர் எல்லாரும் கோட்டும் சூட்டும் காலில வெறும் சொக்ஸுமா நிண்டினம். விளக்கேத்தி, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆசியுரை எல்லாம் முடிச்சு, பிறகுதான் அண்ணாவுக்கு மூண்டு புள்ளிக் கோடு ஞாபகம் வந்தது.

நோர்வேயில பள்ளிக்கூட மண்டபத்து நிலத்தைப் பார்க்கவேணும். இருக்கிற எல்லா விளையாட்டுக்கும் ஒரே நிலம், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நிறத்தில கோடு. அண்ணா குனிஞ்ச தலை நிமிராமல் நடந்து, கூடைக்கு முன்னால கிடந்ததுக்குள்ள ஆகத் தடிச்ச மஞ்சள் வளைவைக் கண்டுபிடிச்சு, அதுக்கு மேல வெள்ளை ரேப் ஒட்டினார். "பாத்தியே, எவ்வளவு வடிவாக் கீறி வைச்சிருக்கிறாங்கள்," எண்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஓம், வடிவுதான் எண்டுபோட்டு விறாந்தையில இருந்த என்ர தேத்தண்ணி மேசைக்குப் போனன்.

கொஞ்ச நேரத்தில மகள் வந்து நிண்டாள். முகம் கறுத்துப் போச்சு. "அம்மா, அது ஹாண்ட்போல் கோடு."

இந்த நாட்டில பிறந்த பிள்ளையளுக்கு நடக்கத் தெரிய முதல், கையால எறிஞ்சு கோல் போடுற இந்த ஹாண்ட்போல் தெரியும். நாங்கள் வளர்ந்தாப் பிறகு வந்த ஆக்கள், எங்களுக்குக் கோடு எண்டால் கோடு. அந்த மஞ்சள் வளைவு ஹாண்ட்போல் கோல் காப்பாளரின்ர எல்லை. சரியான கோடு அதுக்குள்ளயும் வெளியிலயுமா மெல்லிசாப் பச்சையில, பாதி தேஞ்சு போய்க் கிடந்தது. அவள் காலால தொட்டுக் காட்டினவள். மஞ்சள் கோடு நடுவில கூடைக்கு நல்லாக் கிட்ட வந்திட்டுது. ஃபிரீ த்ரோ போடுற இடத்திலயிருந்து ஒரு அடி பின்னுக்கு நிண்டாலே மூண்டு. மூலையில எண்டால் நேர் எதிர், பச்சையை விட்டு நல்லா எட்டத்தில போகுது. அவள் நிண்டு எறிஞ்சு பழகின இடம் அந்த ரண்டு கோட்டுக்கும் இடையில. அங்கை நிண்டு போட்டால் ரண்டுதான்.

போய் மாமாட்டைச் சொன்னாள். நானும் தேத்தண்ணிக் கேத்தலோட பின்னால போனன். அண்ணா கேட்டார், "நான் எத்தினை வருசமா விசில் ஊதுறன் எண்டு தெரியுமே உனக்கு?" பிறகு சிரிச்சுக்கொண்டு, கையில கிடந்த மைக்கிலேயே, "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," எண்டார். சனம் சிரிச்சுது. கோட்டை மாத்தி ஒட்ட நேரமில்லையாம், மண்டபத்தைத் திருப்பிக் குடுக்கவேணுமாம். வரவேற்புரைக்கு நேரம் இருந்தது. ஆசியுரைக்கு நேரம் இருந்தது. ஒரு முழ ரேப்பை உரிச்சு ஒட்ட நேரமில்லை.

விளையாட்டுத் தொடங்கிச்சுது. லோறென்ஸ்கூக் பிள்ளையள் நெட்டை, கெட்டிக்காரியளும். ஒருத்தி நடுவில நிண்டு சும்மா போட்டுப் பார்த்தாள், அண்ணா மூண்டு விரல் காட்டினார். பிறகு எல்லாரும் நடுவிலதான். முன்னைப் பின்னை கூடையைத் தொடாததுகளுக்கும் மூண்டு, மூண்டு. அண்ணா விரலைத் தூக்கின தூக்கைப் பார்த்தால் அந்தச் சட்டத்தை அவர்தான் கண்டுபிடிச்ச மாதிரி. என்ர பிள்ளை மூலையில நிண்டு போட்டாள். உள்ளுக்கை விழுந்தது, சத்தமே இல்லை. ரண்டு விரல். திரும்பவும் போட்டாள். ரண்டு விரல். ஒவ்வொருமுறையும் அவள் நிலத்தைக் காட்ட, அவர் மேலை பார்த்தார்.

"பிள்ளை, நடுவுக்கு வா," எண்டு கத்திப் பார்த்தன். வரேல்லை. அவளோட விளையாடின பிள்ளையள்கூட நடுவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுதுகள். அவள் மட்டும் பச்சைக் கோட்டுக்கு வெளியில, மூலையில. தாய்மாமன்ர பிடிவாதம் அப்பிடியே வந்து கிடக்கு, ஆரை நான் நோகிறது. எங்கட குரோருட் பிள்ளையள் ஒரு புள்ளியால தோத்தவை. அவளின்ர எறியளை ஒழுங்கா எண்ணியிருந்தால் வெண்டிருப்பினம்.

நான் எல்லாருக்கும் முன்னால கேட்டன், "அண்ணை, உங்களுக்குக் கண் தெரியாதோ, காதும் கேளாதோ?" அவர் ஆறுதலாச் சொன்னார், "மூண்டு புள்ளி வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டது நீதானே. தந்தாச்சு. இப்ப கோடு பிழையாம்." அந்த நேரம் மண்டபம் பூட்ட வந்த நோர்வேக்காரர் நிலத்தைப் பார்த்துப்போட்டு, ஹாண்ட்போல் கோட்டில ஒட்டினதை உரிச்சு எடுத்துப்போட்டுப் போகச் சொன்னார். தலைவர் சூட்டோட முழங்காலில இருந்து உரிச்சார். பிழை எண்டு ஒரு சொல்லு? கிடையாது. "இவங்களுக்கென்ன விசரே, எல்லாத்தையும் ஒரே நிலத்தில கீறி வைக்க," எண்டார்.

காரில மகள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். என்ர மனம் விட்டுப் போச்சு. "அடுத்த வருசம் நீ வரவேண்டாம் பிள்ளை," எண்டன். "நானும் இவைக்குத் தேத்தண்ணி ஊத்தமாட்டன்."

"வருவன்," எண்டாள், தலை நிமிராமல். "விளையாட இல்லை. டொம்மர்."

டொம்மர் எண்டால் நடுவர். நான் பகிடி எண்டு நினைச்சன். அவள் போனில பார்த்துக்கொண்டிருந்தது நடுவர் பயிற்சிக்குப் பதியிற பக்கம்.

அடுத்த வருசக் கூட்டத்தில அண்ணா எவ்வளவோ துள்ளிப் பார்த்தார். சின்னப் பிள்ளை, சொந்தக்காரப் பிள்ளை, சபை மரியாதை தெரியாது எண்டெல்லாம் சொன்னார். தமிழ்நாட்டுத் தம்பி, "அண்ணே, அவங்க ஒருத்தங்கதான்ணே முறையாப் படிச்சிருக்காங்க," எண்டு சொல்லிப்போட்டுத் தானே ஒரு ரோல்ஸ் எடுத்தார். அண்ணா விசிலைக் குடுத்துப்போட்டு லோறென்ஸ்கூக் அணிக்குப் பயிற்சியாளராப் போய் இருந்தார்.

அவள் விளக்கேத்த முதலே வந்து, பச்சைக் கோட்டுக்கு மேல ரேப் ஒட்டி முடிச்சிட்டாள். ஆசியுரை நடுவில விசில் ஊதினாள், ஆசியுரை நிண்டுது. அண்ணா ஏதோ முறைப்பாட்டோட கோட்டைத் தாண்டி உள்ளுக்கு வர, கையை நீட்டிக் கதிரையைக் காட்டினாள். போய் இருந்திட்டார். பக்கத்தில இருந்தவரிட்டை, "என்ர மருமகள்," எண்டு சொன்னவராம். குறையாச் சொன்னாரோ பெருமையாச் சொன்னாரோ தெரியாது.

எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. அது கத்தலாத்தான் வெளியில வந்தது. குரோருட் பிள்ளை ஒண்டு மூலையில நிண்டு போட, மகள் ரண்டு விரல் காட்டினாள். "அது மூண்டு பிள்ளை, மூண்டு. நான் கண்டனான்," எண்டு கதவடியில நிண்டு கத்தினன். அவள் விளையாட்டை நிப்பாட்டினாள். அவ்வளவு சனத்துக்கும் முன்னால நேரா என்னட்டை நடந்து வந்தாள்.

"அம்மா, அவளின்ர கால் கோட்டில நிண்டது. நீங்கள் வெளியில போய்த் தேத்தண்ணி மேசையில இருங்கோ. விளையாட்டு முடியுமட்டும் உள்ளுக்கு வரக்கூடாது."

எல்லாம் தமிழ். ஒரு நோர்ஸ்க் சொல்லுக்கூட இல்லை. தோளையும் குலுக்கேல்லை. வீட்டில எத்தினை வருசமா நான் வாங்கேலாமல் கிடந்த முழுத் தமிழை, சபையில வைச்சு என்னைக் கலைக்கிறதுக்குத்தான் எடுத்தவள்.

அண்ணா கதிரையில இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார். எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு அளவில்லை. போய் விறாந்தையில இருந்தன். ஆருக்கும் ஊத்தாமல் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சனான். அழுகையும் வந்தது. கதவுக்கு அங்காலை அவளின்ர விசிலும், எங்கட ஆக்களுக்கு அவள் தமிழில போடுற சத்தமும் கேட்டுக்கொண்டு கிடந்தது. வெளியில போயிடுவாள் எண்டு நான் பயந்த பிள்ளை உள்ளுக்கை நிண்டாள். வெளியில இருந்தது நான்தான்.

ஆனால் அந்த எறி மூண்டுதான். இப்பவும் சொல்லுறன்.