லண்டன் பொம்பிளை

பாரிஸ் லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், மனைவி, மகள், அவளைப் பெண் பார்க்க வந்திருக்கும் பையன், அவனுடைய தாய். நாங்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்திருக்கிறோம். பிரிட்டனில் எந்த மூலையிலிருந்து வந்தாலும் எங்கள் ஈழத்துச் சனத்துக்கு லண்டன்தான். யாராவது லண்டன் என்றால் பேசாமல் தலையாட்டு என்று மகளுக்கு ரயிலிலேயே நாலு தரம் சொல்லி வைத்தேன்.

"லண்டன் பொம்பிளை வடிவாத்தான் இருக்கிறா," என்கிறார் தாய்.

"நாங்கள் லண்டன் இல்லை, அன்ரி. ஸ்கொட்லாந்து. என்னை இங்கிலீஷ்காரி எண்டால் எனக்குப் பிடிக்காது."

இந்த மூன்றாவது சம்பந்தமும் குழம்பிவிட்டது என்றே நினைக்கிறேன்.

தாய் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "விடாதை பிள்ளை! இஞ்சை என்னை இந்தியாக்காரி எண்டால் நானும் சண்டைக்குத்தான் போவன்." பிறகு என் பக்கம் திரும்புகிறார். "அண்ணை, ஸ்கொட்லாந்திலை கலியாண மண்டபம் கிடைக்குமோ?"

"ஓம், ஓம், கிடைக்கும்!" என்கிறேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.