மஞ்சள் கிளிப்

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு வடகம் காயவைக்கப் போனேன். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கிடைக்கிற உத்தியோகம் அதுதான், சிரிக்காதீர்கள். ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர் அங்கே புது ரிமோட் விமானம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்கிள், இப்பல்லாம் ஒரே கிரவுண்டுல இருபது பேர் ஒண்ணா ஓட்டலாம். ஒருத்தர் ரிமோட் இன்னொருத்தர் பிளேனைத் தொடவே தொடாது" என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு, வடகத்துக்குக் காவல் இருக்க வேண்டியவன் கீழே இறங்கி வந்துவிட்டேன். காக்கை கொத்தியதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

எங்கள் காலத்தில் தொடும். எண்பதுகளின் கடைசியைச் சொல்கிறேன். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நானும் அங்கேயே சேர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே இருந்தேன். தனசேகரன் கோவில்பதாகைக்காரன். அவர்களுக்கு ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவன் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலி. ஐ.டி.ஐ.யில் என் பக்கத்து பெஞ்சு. அரத்தைக் கையில் எடுத்தால் வாத்தியாரே வந்து நின்று பார்ப்பார். நான் அரத்தை எடுத்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

கப்பலில் வேலை பார்த்த என் அத்தான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு ரிமோட் செட்டுகள் கொண்டுவந்தார். ஒன்று எனக்கு, ஒன்றைத் தனசேகரன் சீட்டு எடுத்து வாங்கிக்கொண்டான். விமானத்தை நாங்களே செய்ய வேண்டும். தபாலில் வந்த, பால்சா என்கிற எடையே இல்லாத கட்டையைப் பிளேடால் சீவி, ஒட்டி, மேலே மெல்லிய காகிதம் போர்த்தி அவன் செய்த இறக்கையை வெளிச்சத்தில் பிடித்தால் மீன் முள் மாதிரி வரிவரியாகத் தெரியும். என்னுடையதையும் முக்கால்வாசி அவன்தான் செய்தான்.

எஞ்சினுக்கு மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றுவோம். மார்க்கெட்டில் எண்ணெய்க் கடைக்காரர் லிட்டர் கணக்கில் நாங்கள் வாங்குவதைப் பார்த்து, "இன்னா நைனா, ஊட்ல அத்தினி பேருக்குமா வயிறு சரியில்ல?" என்றார். புகையோடு அந்த எண்ணெய் சட்டையெல்லாம் தெறிக்கும். "ஏல, சோத்துப் பக்கம் வராத, நாறுத" என்று அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் குளித்தாலும் போகாது. இப்போதும் யாராவது குழந்தைக்கு விளக்கெண்ணெய் தடவினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

இரண்டு செட்டும் ஒரே எண் போட்ட கிரிஸ்டல். அதாவது இரண்டும் ஒரே அலைவரிசை. வாங்கும்போது எங்களுக்கு இது தெரியாது. ஒரு நாள் அவன் மேசைமேல் வைத்து இரண்டு ரிமோட்டின் சுவிட்சையும் ஒன்றாகப் போட்டபோது விமானத்தின் வால் வலிப்பு வந்ததுபோல் இழுத்துக்கொண்டது. அன்றைக்கே தனசேகரன் சட்டம் போட்டான். கொடியில் துணி மாட்டுகிற மஞ்சள் கிளிப் ஒன்று. அது யார் ரிமோட்டின் ஏரியலில் இருக்கிறதோ அவன்தான் சுவிட்ச் போடலாம். "கிளிப் இல்லாம கைய வெச்ச, தொலைச்சுடுவேன் மச்சான்."

ஓட்டப் பழகுவதில் ஒரு தொல்லை உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். நான் அதில் எத்தனையோ முறை தடுமாறி மண்ணைக் கவ்வியிருக்கிறேன். அவன் ஒரு முறைகூட இல்லை.

ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு மாதிரி விமானம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், ஓட்டிக் காட்டச் சொல்லிக் கோவில்பதாகைக்கே வந்தார். நிரந்தர வேலை, அது தனசேகரனுக்குத்தான் என்று எங்களுக்குள் பேச்சு. நான் சும்மா துணைக்கு. அறுவடை முடிந்த அவர்கள் நிலத்தில் அவன் எழுப்பினான் பாருங்கள், அந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். இரண்டு சுற்று, ஒரு குட்டிக்கரணம். பிறகு இறக்குவதற்காகத் தாழ எங்கள் பக்கமாகக் கொண்டுவந்தான்.

நான் கொஞ்சம் தள்ளி, பனைமரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்னையும் ஓட்டச் சொன்னால் பேட்டரி தாங்குமா என்று கவலை. ரிமோட்டில் ஒரு முள் இருக்கும், சுவிட்ச் போட்டால்தான் பேட்டரி எவ்வளவு என்று காட்டும். ஏரியலை இழுத்து நீட்டவே இல்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். போட்டேன்.

"சொன்னபடி கேக்கல மச்சான், கேக்கல!" என்று அவன் கத்தியது காதில் விழுந்தது. விமானம் என் தலைக்குமேல் கவிழ்ந்து ஏரிக்கரையில் போய்க் குத்தியது. என் விரல் அதற்குள் சுவிட்சை அணைத்திருந்தது. நான் சொல்லாமல் அதுவாகவே அணைத்தது.

அதிகாரி அவன் முதுகில் தட்டி, "எதிர்ல வரும்போது லெஃப்ட் ரைட் மாறிடுச்சுப்பா. பழகணும்" என்றார். தனசேகரன் அவர் பேச்சைக் கேட்கவில்லை. என்னிடம் ஓடிவந்தான்.

"நீ பாத்துக்கினுதானே இருந்த? நானா தப்பா திருப்பிட்டேன்?"

"ஆமாண்டா. மாத்திட்ட போல."

அவன் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவன் ஏரியலில் இருந்த கிளிப்பைக் கழற்றி என் ஏரியலில் மாட்டினான். "சரி, நீ வுடு. வந்த மனுஷன் சும்மா போவக் கூடாது." பாவி நான், ஓட்டினேன். அன்றைக்கென்று பிசகாமல் இறக்கினேன். நிரந்தர வேலையை அவனுக்கும் கொடுக்கவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடு என்று என்னை அழைத்தார்கள். ஏற்கெனவே சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது ஒரு கௌரவம். ஆறு வருஷம் போனேன்.

அவன் திரும்ப ரிமோட்டைத் தொடவில்லை. சுவிட்ச் போட்டது தவறு, யாருக்கும் நேரும். வாயைத் திறக்காதது தவறில்லை, அயோக்கியத்தனம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவன் பட்டறை மாறி, கல்யாணம் ஆகி, நிலத்தை விற்று வேப்பம்பட்டுக்குக் குடிபோய்விட்டான். அவன் மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் என்னைக் காட்டி, "இவருதான் பிளேன் வுடுறவரு. நானும் ஒரு காலத்துல கத்துக்கினு பாத்தேன், எனுக்குக் கை வரல" என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன்.

போன வருஷம் அவன் தவறிப்போன செய்தி பதினாறு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. துக்கம் கேட்க ஆவடி வழியாகப் போனேன். கோவில்பதாகையில் அந்த நிலம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பனைமரம் இல்லை, எங்கும் மாடி வீடுகள், கார்கள். வேப்பம்பட்டில் அவன் மனைவி முன்னால் உட்கார்ந்து, இவளிடமாவது சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கடைசி வரிக்கும் உங்களப் பத்திதாண்ணா பெருமையா பேசிகினு இருந்தாரு. உங்க கை மாதிரி யாருக்கும் வராதாம்."

காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.