என் அழுகையின் இரண்டாவது வரி

என் வீட்டுக்காரர் செத்த அன்று நான் அழுததை இப்போது எல்லாரும் பாட்டு என்கிறார்கள். அதைப் பாடியவன் என் நாத்தனார் மகன். அது யாருடைய பாட்டு என்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் சண்டையானது. அந்தச் சண்டையில் ஒரு பெண்ணின் உதடு கிழிந்தது. கிழித்தது நான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பத்தாவது படிக்கும்போதுகூட டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். கல்யாணமான பிறகு அது வசதியாகப் போயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சத்தம் போடும் பெண்களைப் பிடிக்காது. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு உள்ளே, வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். அதனால் அவர் அடிப்பதற்கு முன்னால் டிவியில் பாட்டு சேனலைப் போட்டுச் சத்தத்தை ஏற்றுவார். ரிமோட்டை எடுக்கும்போதே நான் கம்மலைக் கழற்றிவிடுவேன். ஒருமுறை கழற்ற நேரமில்லாமல் காது அறுந்தது. இன்னொரு முறை மணிக்கட்டு முறிந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். பாட்டு முடிந்தால் சில நாள் அடியும் முடியும். சில நாள் அடுத்த பாட்டும் போகும். எங்கள் வீட்டில் இருவருக்கும் பாட்டுப் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு போகிற ட்ரெய்லர் ஒன்று வாலாஜாபாத் ரோட்டில் அவர் பைக்கின் மேல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தைத் துணியால் சுற்றித்தான் கொடுத்தார்கள். வலது கை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் துணிக்கு வெளியே கிடந்தது. அதன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. போகவில்லை. இன்னொன்றும் வந்தது. எனக்கு என்ன ஆனதோ, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.

என்னை அடிச்ச கையி எங்க சாமி,
ஈ மொய்க்குதே, ஓட்ட மாட்டியா சாமி.

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். புருஷன்மேல் எவ்வளவு ஆசை இருந்தால் அவன் அடித்ததைக்கூடக் கொஞ்சலாகச் சொல்லி அழுவாள் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒப்பாரி என்றால் செத்தவரை உயர்த்தித்தான் அழுவார்கள், அதனால் அப்படி எடுத்துக்கொண்டார்கள். நான் உயர்த்தவில்லை. நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

நாத்தனார் மகன் அன்று மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்தான். பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, லீவு நாளில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கானா பாடப் போவான். என் அழுகையை அவன் போனில் எடுத்துக்கொண்டது அப்போது எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து, பஸ்ஸில்தான் தெரிந்தது. வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் எனக்கு வேலை. காலை ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் பெண்கள் ஆளுக்கொரு பாட்டுப் போடச் சொல்லி டிரைவரைத் தொல்லை செய்வார்கள். அன்று எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

என்னை அடிச்ச கையி எங்க மாமா,
இன்னொரு தபா அடிச்சா இன்னா மாமா.

என் வரி. என் மெட்டு. நாத்தனார் மகன் குரல். இரண்டாவது வரி மட்டும் வேறு. ‘அடிச்சா’ என்று வரும்போது பக்கத்தில் இருப்பவரின் கன்னத்தில் செல்லமாகத் தட்ட வேண்டும், வீடியோவில் அப்படித்தான் ஆடுகிறார்களாம். பஸ் முழுவதும் தட்டிக்கொண்டு சிரித்தது. டிரைவர் சத்தத்தை ஏற்றினார். என் கை தானாகக் காதுக்குப் போயிற்று, கம்மலைக் கழற்ற. அந்த நேரம் பார்த்து, என் லைனிலேயே வேலை செய்கிற பக்கத்து சீட்டுப் பெண் என் கன்னத்தில் தட்டினாள்.

நான் திருப்பி அடித்தேன். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் என்னைப் பிடித்து சீட்டோடு அழுத்தினார்கள், ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாக்கா, பாட்டுக்குத்தானே தட்டுனேன்” என்றாள் அந்தப் பெண்.

“அது என் பாட்டு” என்றேன்.

பின் சீட்டில் யாரோ, அக்கா இனிமே டிவில வரும்டி என்றார்கள். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்.

செய்தி நாத்தனாருக்குப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவன் போனில் வீடியோவைக் காட்டினான். எடுத்தவுடன் என் வீட்டுக்காரர் படம், மாலை போட்டது. கீழே, என் பாட்டுக்கெல்லாம் குரு, மாமாவுக்குச் சமர்ப்பணம் என்று எழுதியிருந்தது. 

அவன் நல்லபடியாகத்தான் பேசினான். மெட்டு எல்லாச் சாவிலும் அழுகிற மெட்டுதான், அது யாருக்கும் சொந்தமில்லை என்றான். அது சரிதான், நானும் என் அம்மா அழுததைக் கேட்டுத்தான் அழுதேன். நான் அழுதது வெறும் அழுகை, அதைப் பாட்டாக்கியது அவன் என்றான். வேண்டுமென்றால் மாமா படத்துக்குக் கீழே என் பேரையும் போடுகிறேன் என்றான்.

“அவர் படத்துக்குக் கீழ வேணாம். படத்தை எடு” என்றேன். “எடுத்துட்டு என் ரெண்டாவது வரியப் போடு. அப்பால என் பேரப் போடு.”

“ஈ மொய்க்குதுன்னா எவன் ஆடுவான் அத்தை?”

“ஆட வேணாம்.”

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. என் தம்பி உன்னை அடித்தான் என்று ஊருக்கே சொல்லப் பார்க்கிறாயா என்று எழுந்தார். ஓங்கி ஒரு அறை விட்டார். பஸ்ஸில் தட்டு வாங்கிய அதே கன்னம். இரண்டாவது அறைக்கு எழுந்த கையை அவன் பிடித்துக்கொண்டான். அம்மாவின் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான்.

“நெஜமாவே அடிப்பாரா? நீ சும்மா கொஞ்சலா சொன்னதா நெனச்சேன்.”

“டிவி சத்தமா கேட்டதில்ல உனக்கு?”

அவன் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் அவர்களும் இதே வரிசையில்தான் இருந்தார்கள். மாமா வீட்டு டிவி சத்தமாகக் கேட்டால் ஓடிவருவான். கதவு சாத்தியிருக்கும். வாசலில் உட்கார்ந்து கூடவே பாடுவான். அப்படித்தான் பாட்டுக் கற்றுக்கொண்டேன் என்று எல்லா வீடியோவிலும் சொல்வானாம். குரு என்று போட்டது அதற்குத்தான். உள்ளே, அவன் குரல் எனக்குக் கேட்கும். பிள்ளை எவ்வளவு நன்றாகப் பாடுகிறது என்று சில நாள் அடி வாங்கிக்கொண்டே நினைத்திருக்கிறேன்.

“எல்லா வாட்டியுமா அத்தை?”

“சத்தமா வெச்சப்பல்லாம்.”

அவன் அம்மாவின் கையை விட்டான். நாத்தனார், செத்தவன் மேல் பழி போடுகிறாள், வாடா என்று இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை.

வீடியோவில் அவர் படம் போய்விட்டது. அந்த இடத்தில் என் பேர் வரவில்லை. இப்போது வீடியோ தொடங்கும்போது கொஞ்ச நேரம் வெறும் கறுப்பாக ஓடுகிறது, பிறகு பாட்டு வருகிறது. வரியை மாற்றவில்லை. மாற்றினால் ஆட மாட்டார்கள் என்பது உண்மைதான். அவன் மட்டும் அந்தப் பாட்டை இப்போது எங்கேயும் பாடுவதில்லையாம், கூப்பிட்டாலும் வேறு பாடுகிறானாம். அவன் பாடாவிட்டால் என்ன, பஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உதடு கிழிந்த பெண் சில நாள் தள்ளி உட்கார்ந்தாள். வேறு சீட் கிடைக்காத ஒரு நாள் என் பக்கத்தில் வந்தாள். தையல் போட்ட இடம் தடித்திருந்தது. பாட்டு வந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வரி வரும் இடத்தில் நான் என்னுடையதைச் சொன்னேன், மெதுவாகத்தான்.

“இன்னாக்கா சொன்ன?” என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை முன் சீட்டுக்காரியும் திரும்பினாள்.